பார்க்க வந்தவள்

“எதுக்குமா போறே?”

“வீட்டுக்காரரப் பாக்க சார்.”

“மலேசியாவுல இன்னா வேலை அவருக்கு?”

“மலேசியாவுல இல்ல சார். சிங்கப்பூர்ல.”

“சிங்கப்பூர்ல இருக்கிற புருஷனப் பாக்க மலேசியாவுக்கு ஏன் போறே?”

2025 ஏப்ரல் 29, செவ்வாய்க்கிழமை ராத்திரி. சென்னை விமான நிலையத்தில் பாஸ்போர்ட்டில் முத்திரை போடுகிற மேசை. அந்த அதிகாரி கேட்டது நியாயமான கேள்விதான். எனக்குப் பின்னால் வரிசை நின்றது. அவருக்கும் நேரமில்லை, எனக்கும் வாய் வரவில்லை. ஓரமாக உட்காரச் சொன்னார்கள். நாற்பது நிமிஷம் உட்கார்ந்திருந்தேன். அப்போது சொல்ல முடியாமல் போனதை இப்போது எழுதுகிறேன்.

முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூரில் கட்டடத்திலும் கப்பல் பட்டறையிலும் வேலை செய்கிற கூலிக்காரனுக்குக் கொடுக்கிற அனுமதிக்கு ஒர்க் பெர்மிட் என்று பேர். அந்த அட்டை வைத்திருப்பவன் பெண்டாட்டியையோ பிள்ளையையோ அழைத்து வைத்துக்கொள்ள முடியாது. குடும்பத்தைக் கூட்டிக்கொள்ள வேறு வகை பாஸ் வேண்டும். மாசம் 6,000 வெள்ளி நிலையான சம்பளமும் வேண்டும். என் வீட்டுக்காரருக்கு நாளுக்கு 24 வெள்ளி. ஓவர்டைம் எல்லாம் போட்டு அடித்தாலும் மாசம் ஆயிரத்தைத் தொட்டுத்தான் நிற்கும். அந்த அட்டைக்கு இன்னொரு நிபந்தனையும் உண்டு. அந்நாட்டுக் குடிமக்களையோ நிரந்தரவாசிகளையோ கல்யாணம் பண்ணிக்கொள்வதானால் அரசிடம் முன்அனுமதி வாங்க வேண்டும். வேலையை முடித்துக்கொண்டு ஊர் திரும்பிவிட்ட பின்பும் இந்த நிபந்தனை அவனை விடாது. ஒருவனுடைய உழைப்பை வாங்குகிறவர்கள் அவன் தாலி கட்டுவதையும் சேர்த்து வாங்கிக்கொள்கிறார்கள்.

சரி, சுற்றிப்பார்க்கிற விசாவில் சிங்கப்பூருக்கே போகலாமே என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். அந்த நாட்டுக்காரர் ஒருத்தர் எனக்காகக் கடிதம் கொடுத்தால் நல்லது என்றார் ஏஜெண்டு. “என் புருஷன் குடுத்தா ஆவாதா?” என்றேன். சிரித்தார். கடிதம் கிடைத்தாலும் தங்க இடம்? அவர் இருப்பது தொழிலாளர் விடுதி, ரூமுக்குப் பன்னிரண்டு பேர். ஓட்டலில் இரண்டு நாள் தங்கினால் அவருடைய அரை மாசச் சம்பளம் போய்விடும். மலேசியாவோ 2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்களை விசா இல்லாமல் 30 நாள் உள்ளே விடுகிறது. சிங்கப்பூருக்கும் மலேசியாவின் ஜோகூர் பாருவுக்கும் நடுவில் ஒரு கிலோமீட்டர் தரைப்பாலம்தான். அவர் அந்தப் பக்கமிருந்து பாலத்தைத் தாண்டி வரலாம், நான் இந்தப் பக்கமிருந்து கடலைத் தாண்டிப் போகலாம். அதனால்தான் சார் மலேசியா.

எங்களுக்குக் கல்யாணம் ஆனது 2016 தையில். 52-ஆம் நாள் அவர் ஏரோப்ளேன் ஏறினார். 2018-இல் 28 நாள் வந்திருந்தார். 2019-இல் என் மாமனார் செத்ததுக்கு 9 நாள். 2022 ஜூலையில் 30 நாள். கூட்டினால் 119. ஒன்பது வருசத்தில் புருஷனும் பெண்டாட்டியுமாக இருந்தது 119 நாள். நாள்காட்டியின் பின்பக்கம் எழுதி வைத்திருக்கிறேன்.

நான் மணமாகி வந்தது ஓரகடத்துக்குப் பக்கத்தில் ஒரு காலனிக்கு. ஊர் தனி, காலனி தனி, நடுவில் ஏரிக்கால்வாய். கால்வாய்க்கு அந்தப் பக்கம் வயலாக இருந்த இடமெல்லாம் இன்றைக்கு சிப்காட். 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் கார் ஓட ஆரம்பித்தது. அப்புறம் ஸ்ரீபெரும்புதூரில் செல்போன், 2010 வாக்கில் ஓரகடத்தில் காரும் லாரியும், வல்லம் வடகாலில் இன்னும் என்னென்னவோ. நிலம் வைத்திருந்தவனுக்குப் பணம் கிடைத்தது. அந்த நிலத்தில் நாற்று நட்டவளுக்கு என்ன கிடைத்தது? எங்களுக்கும் நிலம் இருந்திருக்க வேண்டியதுதான். இதே செங்கல்பட்டு மாவட்டக் கலெக்டராக இருந்த திரமென்ஹீர் 1891-இல் பறையர்கள் நிலைமை பற்றி எழுதிய அறிக்கையும், அதையொட்டி 1892-இல் ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலமும் இந்தப் பத்திரிகையின் வாசகர்களுக்குப் புதுசில்லை. அதை மீட்கக் கிளம்பியபோது, 1994 அக்டோபர் 10 அன்று, செங்கல்பட்டில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸும் ஏழுமலையும் செத்ததும் தெரிந்ததே. நிலமில்லாதவனுக்கு விற்க ஒன்றுதான் மிச்சம். அதை அவன் கொஞ்சம் நல்ல விலைக்கு விற்கப் பார்க்கிறான், அவ்வளவுதான்.

என் வீட்டுக்காரர் ஐ.டி.ஐ. முடித்தவர், வெல்டர். வீட்டு மாடியில் ஏறி நின்றால் நாலு ஆலையின் கூரை தெரியும். நாலிலும் எழுதிப்போட்டார். உள்ளூர்க்காரன் என்றால் சங்கம் வைப்பான், லீவு போடுவான் என்று எடுக்க மாட்டார்கள். எடுத்தாலும் காண்ட்ராக்ட். ஒரு ஆலையில் ஏழு மாசம் வேலை கொடுத்து, எட்டாவது மாசம் கேட்டில் பாஸைப் பிடுங்கிக்கொண்டார்கள். அப்புறம்தான் சென்னையில் வெல்டிங் டெஸ்ட் எழுதி, மூன்று லட்சத்து இருபதாயிரம் கடன் வாங்கி, போனார். மாமியாருடைய இரண்டு மாடும் என்னுடைய கம்மலும் அந்தக் கணக்கில் அடக்கம்.

அவர் போன பிறகு நானும் வேலைக்குப் போனேன். காருக்கு ஒயர் கட்டு கட்டுகிற ஆலை. பேர் வேண்டாம். ஆள் எடுத்த காண்ட்ராக்ட்காரர் என் கழுத்தைப் பார்த்தார். “கல்யாணம் ஆயிடுச்சா? அப்ப கஷ்டம்மா. நாளைக்கே வயித்துல வந்துடும், லீவு கேப்பீங்க” என்றார். மறுநாள் வேறு காண்ட்ராக்ட்காரரிடம் போனபோது தாலியைக் கழற்றி அரிசிப் பானையில் போட்டுவிட்டுப் போனேன். மெட்டியையும் கழற்றினேன். பாரத்தில் ‘திருமணம் ஆகாதவர்’ என்று எழுதிக்கொடுத்தேன். என் புருஷன் வெளிநாட்டில் இருக்கிறார், வயிற்றில் வருவதற்கு வழியே இல்லை என்று அந்த முதல் ஆளிடம் சொல்லியிருக்கலாம். வெட்கமாக இருந்தது.

இது எனக்கு மட்டும் நடந்தது என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஐபோன் பொருத்தும் ஆலையில் திருமணமான பெண்களை வேலைக்கு எடுக்காமல் ஒதுக்குகிறார்கள் என்று விரிவாக எழுதியது. ஒன்றிய அரசு மாநில அரசிடம் அறிக்கை கேட்டது. நான் வேலை செய்தது வேறு ஆலை, வேறு சாமான். ஆனால் படித்தபோது என் அரிசிப் பானைதான் ஞாபகம் வந்தது. அதே வருசம் ஆகஸ்ட் 17-இல் வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளிகள் தங்குகிற மாதிரி 706.50 கோடி ரூபாயில் விடுதி திறந்தார்கள். நல்ல கட்டடம், ஷெட்டிலும் மாடிப்படிக்குக் கீழேயும் படுத்துக்கிடந்த பிள்ளைகளுக்கு அது பெரிய விஷயம், இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனாலும் யோசித்துப் பாருங்கள். இங்கே பதினெட்டாயிரம் பெண்கள் தனிக்கட்டில். அங்கே லட்சக்கணக்கான ஆம்பிளைகள் தனிக்கட்டில். இரண்டு பக்கமும் முதலாளிக்கு வேண்டியது குடும்பம் இல்லாத ஆள்.

பாஸ்போர்ட்டுக்கு வருகிறேன். பள்ளிக்கூடச் சான்றிதழில் என் சாதி இருக்கிறது. சாதிச் சான்றிதழில் இருக்கிறது. பாஸ்போர்ட்டில் சாதிக்கு இடம் கிடையாது என்று கேள்விப்பட்டபோது சந்தோஷமாக இருந்தது. விசாரிக்க வந்த போலீஸ்காரர் வண்டியை விட்டு இறங்காமலே “இது ஊரா, காலனியா?” என்று கேட்டு எழுதிக்கொண்டார். விலாசத்தில் ‘காலனி’ என்று அச்சாகியே வந்தது. அந்த ஒரு வார்த்தை போதாதா, தமிழ்நாட்டில் படிக்கத் தெரிந்தவனுக்கு? நான் விமானம் ஏறிய அதே ஏப்ரல் 29 அன்றுதான் முதலமைச்சர் சட்டசபையில், அரசு ஆவணங்களிலிருந்து ‘காலனி’ என்ற சொல் நீக்கப்படும் என்று அறிவித்தார். விமான நிலையத்து டி.வி.யில் ஓடியது. ஓரமாக உட்கார வைக்கப்பட்டிருந்தவள் கையில் அந்த வார்த்தை அச்சடித்த புத்தகத்தோடு அதைப் பார்த்தேன்.

அந்த நாற்பது நிமிஷத்தில் இன்னொரு அதிகாரி வந்து கேட்டார்: “கல்யாணம் ஆனதுக்கு ஆதாரம் இருக்கா? தாலி எங்கே?” மஞ்சள் கயிற்றை வெளியே எடுத்துக் காட்டினேன். பதிவுச் சான்றிதழையும் காட்டினேன். அதுவும் பாஸ்போர்ட்டுக்காக 2024-இல் போய்ப் பதிந்ததுதான். அவர்களையும் ஒரேயடியாகக் குற்றம் சொல்ல மாட்டேன். பத்தாவது தேறாதவர்கள் வேலைக்கென்று போகும்போது தனி அனுமதி கேட்கிற நாடுகளின் பட்டியலில் மலேசியா இருக்கிறது. வீட்டு வேலைக்கென்று ஏமாற்றிக் கொண்டுபோகப்பட்ட பெண்கள் எத்தனையோ பேர். கறுத்த, தனியாக வருகிற, ரப்பர் செருப்புப் போட்ட பெண்ணை நிறுத்திக் கேட்கச் சொல்லித்தான் அவர்களுக்குப் பழக்கம். ஆனால் எனக்கு இரண்டு வாசல் ஞாபகம் வந்தது. ஒரு வாசலில் தாலி இருந்தால் வேலை இல்லை. இன்னொரு வாசலில் தாலி இல்லாவிட்டால் வழி இல்லை.

பெண்டாட்டி என்று நிரூபிக்கச் சொல்வது பழைய சங்கதி. 1913-இல் தென்னாப்பிரிக்காவில் கேப் மாகாண நீதிபதி சேர்ல், கிறிஸ்துவ முறைப்படி நடக்காத கல்யாணங்களை ஏற்க முடியாது என்கிற மாதிரி தீர்ப்புச் சொன்னார். ஒரே நாளில் அங்கிருந்த இந்தியப் பெண்கள் சட்டத்தின் கண்ணில் பெண்டாட்டி இல்லை என்றானார்கள். கூலி வீட்டுத் தமிழ்ப் பெண்கள் ஜெயிலுக்குப் போனது அதற்கும் சேர்த்துத்தான். வள்ளியம்மை என்ற சின்னப் பெண் ஜெயிலில் காய்ச்சல் வந்து 1914 பிப்ரவரியில் செத்தாள். 1979-இல் லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில், மணம் முடிக்க வந்த இந்தியப் பெண் ஒருத்தியைக் கன்னி கழியாதவளா என்று டாக்டரை வைத்துச் சோதித்தார்கள். செய்தி வெளியாகி உலகமே காறித் துப்பிய பிறகுதான் நிறுத்தினார்கள். எல்லைக் கோட்டில் ஆம்பிளையைப் பார்த்துக் ‘கையைக் காட்டு’ என்பார்கள். பொம்பிளையைப் பார்த்து வேறு எதையெதையோ கேட்பார்கள்.

எங்கள் குடும்பத்துக்கும் இது முதல் தடவை இல்லை. என் நைனாவைப் பெற்ற தாத்தா 1937-இல் மலாயாவுக்குக் கப்பலேறியவர். அப்போது ஆவடியில் ஆள் சேர்க்கும் டிப்போ இருந்தது. நாகப்பட்டினத்தில் இன்னொன்று. கங்காணி சேரி சேரியாக வந்து ஆள் கட்டிக்கொண்டு போனான். அடுத்த வருசமே, 1938-இல், இந்திய அரசு அப்படிக் கூலி ஆள் அனுப்புவதை நிறுத்திவிட்டது. தாத்தா யுத்தமெல்லாம் முடிந்து ஊருக்கு வந்து ஆயாவைக் கட்டினார், திரும்பிப் போனார். மறுபடி ஒரு தடவை வந்தார், நைனா பிறந்தார். “சீக்கிரம் காகிதம் அனுப்பறேன், ரஜூலா கப்பல்ல ஏறி வந்துடு” என்று சொல்லிவிட்டுப் போனாராம். ஆயா தகரப்பெட்டியில் புடவை மடித்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள். 1959-இல் மலாயா குடியேற்றச் சட்டத்தை இறுக்கியது. புருஷனை விட்டு ஐந்து வருசம் தொடர்ந்து பிரிந்திருந்த பெண்டாட்டிக்கு இனிமேல் இடமில்லை என்று ஆனது. பிரித்து வைத்ததும் அவர்கள், பிரிந்திருந்தாய் என்று கதவைச் சாத்தியதும் அவர்கள். 1969-க்குப் பிறகு குடியுரிமை இல்லாத தோட்டத் தொழிலாளிகளுக்கு வேலை அனுமதி கிடைக்காமல் ஆயிரக்கணக்கில் திரும்பினார்கள். அந்தக் கூட்டத்தில் தாத்தாவும் வந்து சேர்ந்தார். ஆயாவுக்கு அவரை அடையாளம் தெரியவில்லையாம். “யாரு பெரியவரே, இன்னா வோணும்?” என்று கேட்டாளாம். இதைச் சொல்லிச் சொல்லி ஆயா சிரிப்பாள். நான் சின்னப் பிள்ளையில் கூடச் சேர்ந்து சிரித்திருக்கிறேன்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தக் கங்காணி காலத்தில்கூடக் குடும்பமாக ஆள் கட்டினார்கள். இரக்கத்தால் அல்ல. பால் மரம் சீவப் பெண்கையும் வேண்டியிருந்தது. இன்றைக்கு வெல்டிங்குக்கு என் கை வேண்டாம். ஆகவே நான் வேண்டாம்.

கோலாலம்பூரில் இறங்கி, பஸ் ஏறி, ஐந்து மணி நேரத்தில் ஜோகூர் பாரு லார்க்கின் நிலையம் போய்ச் சேர்ந்தேன். வழியெல்லாம் செம்பனை மரம். ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் நாளுக்கு 90 ரிங்கிட் வாடகையில் ரூம். நாள் பார்த்துத்தான் போயிருந்தேன். மே 1 வியாழக்கிழமை, தொழிலாளர் தினம், சிங்கப்பூரிலும் விடுமுறை. மே 3 சனிக்கிழமை அங்கே பொதுத் தேர்தல், அதற்கும் விடுமுறை. நடுவில் வெள்ளிக்கிழமை ஒருநாள் லீவு போட்டால் ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் நாலு நாள். அவருக்கு ஓட்டில்லாத தேர்தலால் எங்களுக்கு ஒரு ராத்திரி கூடக் கிடைத்தது.

புதன்கிழமை ராத்திரி பாலத்தில் அத்தனை நெரிசல். துவாஸில் வேலை முடித்து ஏழு மணிக்குக் கிளம்பியவர் ரூம் கதவைத் தட்டியபோது மணி ஒன்று. நான் கதவைத் திறந்து இரண்டு நிமிஷம் பேசவில்லை. ஆயா மாதிரி “யாரு பெரியவரே” என்று கேட்டுவிடுவேனோ என்று பயமாக இருந்தது. தலை பாதி நரைத்திருந்தது. வீடியோவில் தொப்பியோடுதான் வருவார்.

“இன்னாமே, உள்ள வுடமாட்டியா?” என்றார்.

அந்த நாலு நாளைப் பற்றி எல்லாவற்றையும் எழுத மாட்டேன். அது எங்களுடையது. சொல்ல வேண்டியதை மட்டும் சொல்கிறேன். அவருடைய வலது முன்கையில் தீப்பொறி பட்ட தழும்பை எண்ணினேன், பதினேழு. காலையில் நாலு மணிக்குத் தானாக எழுந்து உட்கார்ந்துகொள்வார்; லாரி வருகிற நேரம். சோறு ஆக்க அடுப்பில்லை. கோயில் பக்கத்துத் தமிழ்க்கடையில் வாங்கித் தின்றோம். ஒருநாள் கருவாட்டுக் குழம்பு கிடைத்தது, அழுதுவிட்டார். 2020-இல் விடுதியைப் பூட்டினார்களே, அதைப் பற்றி அப்போதுதான் முழுசாகச் சொன்னார். பூட்டிய ரூமில் ஒருத்தன் மாற்றி ஒருத்தனுக்குக் காய்ச்சல். விடுதித் தொழிலாளிகளில் 47 சதவீதம் பேருக்கு நோய் தொற்றியது என்று அந்த வருசம் டிசம்பரில் அந்த அரசே கணக்குச் சொன்னது. ஊர் மக்கள் கடைக்குப் போய்வந்த காலத்திலும் விடுதிக்காரர்கள் வெளியே போகத் தனி அனுமதி கேட்க வேண்டியிருந்தது. 2022 வரை இழுத்தது. “போன்ல ஏன் சொல்லல?” என்றேன். “சொன்னா இன்னா பண்ணுவே? வந்து கஞ்சி வெச்சுக் குடுப்பியா? வுடுவானா உன்ன?” என்றார்.

வெள்ளிக்கிழமை ராத்திரி ஒரு நல்ல சேதி என்று ஆரம்பித்தார். ஒர்க் பெர்மிட்டில் இத்தனை வருசம்தான் வேலை செய்யலாம் என்று ஒரு வரம்பு இருந்தது. ஜூலை 1 முதல் அந்த வரம்பை எடுக்கிறார்கள், வயது வரம்பையும் 63 ஆக்குகிறார்கள், கம்பெனியில் சொன்னார்களாம். (சொன்னபடியே செய்தும்விட்டார்கள்.) அவருக்கு 36 வயது. “இன்னும் இருபத்தேழு வருசம் ஓட்டலாம்மே” என்றார்.

நான் நாள்காட்டிக் கணக்கைப் போட்டேன். ஒன்பது வருசத்துக்கு 119 நாள் என்றால் இருபத்தேழு வருசத்துக்கு 357 நாள். ஒரு வருசம்கூட இல்லை.

“ஒங்களுக்கு வரம்ப எடுத்துட்டாங்க. எனக்கு எப்ப எடுப்பாங்க மாமா?” என்றேன்.

சண்டை வந்தது. நான் ஊருக்கு வந்துவிடச் சொன்னேன். வந்து என்ன பண்ணுவது என்று கேட்டார். காண்ட்ராக்டில் பதினாலாயிரம். கட்டின வீட்டுக்கு மேல்தளம் பாக்கி. தங்கச்சிக்குச் செய்ய வேண்டியது பாக்கி. எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, கடைசியில் மெதுவாகச் சொன்னார்: “அங்க கூலிதான். ஆனா ஃபோர்மேன் சீனன் என்னப் பேரச் சொல்லிக் கூப்புடறான். நம்ம ஊர்ல காலனிப் பையன்னுதானே கூப்புட்டான்?” அதற்கு என்னிடம் உடனே பதில் இல்லை. அது உண்மை. விடுதியில் நம் ஆட்களே “ஓரகடத்துல எந்தப் பக்கம்?” என்று துருவிக் கேட்பதும் உண்டு என்று அவரே இன்னொரு தடவை சொல்லியிருக்கிறார். ஆனாலும் வேலை செய்கிற இடத்தில் பேர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். அந்த ஒன்றுக்காக ஒரு மனுஷன் பெண்டாட்டியைப் பிரிந்து இருக்கத் தயாராகிறான் என்றால், அவனை அந்த நிலைக்குத் தள்ளிய ஊரைத்தான் முதலில் கூண்டில் ஏற்ற வேண்டும்.

விடிகிற நேரத்தில் கேட்டேன். “மரியாத அங்க. பொண்டாட்டி இங்க. ரெண்டும் ஒரே எடத்துல கெடைக்காதா நமக்கு?” அவர் பதில் சொல்லவில்லை.

ஒரே இடத்தில் கிடைக்கிறவர்கள் இருக்கிறார்கள். எங்கள் ஆலை அலுவலகத்தில் ஒரு பெண் இருந்தார். புருஷன் அமெரிக்காவில் பச்சை அட்டைக்காரர். இவருக்குக் குடியேற்ற விசா வரிசையில் இருந்தது. அது வருகிற வரைக்கும் இரண்டு தடவை வருகையாளர் விசாவில் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். அவருக்கும் கஷ்டம்தான். வருகிற ஆளை முதலில் ‘இவர் இங்கேயே தங்கிவிடப் போகிறார்’ என்றே எடுத்துக்கொள் என்கிறது அமெரிக்கச் சட்டம். திரும்பி வந்துவிடுவேன் என்று நாம்தான் நிரூபிக்க வேண்டும். ஆனால் அவருக்கு ஒரு வரிசை இருந்தது, அதில் ஒரு தேதி இருந்தது. எனக்குக் காத்திருக்க வரிசையே இல்லை. எங்கள் ஓரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கொரிய, ஜப்பானிய எஞ்சினியர்கள் வேலைக்கு வந்திருக்கிறார்கள். அவர்களுடைய பெண்டாட்டி பிள்ளைகள் கூட வந்திருக்க இந்திய அரசு நுழைவு விசா என்று தனியாகவே தருகிறது. அவர்களுக்காகக் கொரியச் சாப்பாட்டுக் கடைகள்கூட வந்துவிட்டன. தப்பில்லை, குடும்பத்தோடு இருக்கட்டும். எங்கள் வயலில் வந்து வேலை செய்கிறவர் பெண்டாட்டியோடு இருக்கலாம். வயலை இழந்து போனவன் இருக்கக்கூடாது என்றால் அதற்குப் பேர் என்ன? எல்லைக்கும் ஒரு வருணக் கணக்கு உண்டு என்றுதான் எனக்குப் படுகிறது. அங்கே பூணூலுக்குப் பதில் சம்பளச் சீட்டு.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பாலத்து வாசல் வரைக்கும் கூடப் போனேன். சோதனைச் சாவடிக் கட்டடத்துப் படிக்கட்டோடு என் எல்லை முடிந்தது. 1923-இல் ரயில் விட்ட பாலம். நீளம் ஒரு கிலோமீட்டரும் கொஞ்சமும். எங்கள் காலனிக்கும் ஊர்த்தெருவுக்கும் நடுவில் இருக்கிற தூரத்தைவிடச் சற்றுத்தான் அதிகம். அக்கரையில் கட்டடங்கள் நன்றாகத் தெரிந்தன. கூட்டத்தோடு கூட்டமாக ஏறிப் போனார். இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார்.

வேலைக்குத் திரும்பியபோது வருகை ஊக்கத்தொகை போயிருந்தது. “ஊர்ல திருவிழாவா?” என்று சூப்பர்வைசர் கேட்டார். ஆமாம் என்றேன். வேறென்ன சொல்வது? ஆலை ஏட்டில் நான் கல்யாணம் ஆகாதவள். மலேசியக் கணக்கில் சுற்றிப்பார்க்க வந்தவள். சிங்கப்பூர்க் கணக்கில் இல்லவே இல்லை. நான் ஒருத்தனுடைய பெண்டாட்டி என்று எழுதியிருப்பது ரேஷன் கார்டிலும் அந்தப் பதிவுச் சான்றிதழிலும்தான்.

எங்கள் தெருவில் 41 வீடு. ஆறு வீட்டில் ஆம்பிளை வெளிநாட்டில். திரும்பி வந்த பிறகு அந்த ஐந்து பேரோடும் உட்கார்ந்து பேசினேன். அவரவர் நாளைக் கணக்குப் போடச் சொன்னேன். முதலில் சிரித்தார்கள், அப்புறம் விரல் விட்டு எண்ணினார்கள். துபாய்க்காரர் பெண்டாட்டிக்கு பதினொரு வருசத்தில் 200 நாள்கூட வரவில்லை. “இதையெல்லாம் யார் கிட்டச் சொல்றது?” என்று கேட்டாள்.

தோழர்களிடம் சொல்கிறேன். 1990-இல் ஐக்கிய நாடுகள் சபை புலம்பெயர் தொழிலாளிகள், அவர்களது குடும்பத்தினர் உரிமைகளுக்காக ஒரு உடன்படிக்கை கொண்டுவந்தது. அதன் 44-ஆம் பிரிவு, குடும்பம் சேர்ந்து வாழ அரசுகள் வழி செய்ய வேண்டும் என்கிறது. இலங்கை 1996-இலேயே சேர்ந்துவிட்டது. இந்தியா சேரவில்லை, சிங்கப்பூர் சேரவில்லை, மலேசியா சேரவில்லை. ஆள் அனுப்புகிற நம் அரசே கையெழுத்துப் போடாதபோது ஆள் வாங்குகிறவனை யார் கேட்பது? நம் சங்கங்கள் கூலி உயர்வு கேட்கின்றன. நம் இயக்கங்கள் நிலம் கேட்கின்றன. இரண்டும் வேண்டும், அதில் மறுபேச்சில்லை. ஆனால் நான் போன கூட்டங்களில் ஒன்றில்கூட, ஒரு தலித் தொழிலாளிக்குத் தன் பெண்டாட்டியோடு வாழ உரிமை உண்டு என்று ஒரு தீர்மானம் போட்டுப் பார்த்ததில்லை. இது வீட்டுச் சங்கதி, பொம்பிளைச் சங்கதி என்று நினைக்கிறீர்களா? சேர்ந்து வாழ்வதும் கூலிதான். அதைப் பிடித்தம் பண்ணிக்கொண்டுதான் மிச்சத்தை நம் கையில் கொடுக்கிறார்கள்.

அவர் இன்னும் அங்கேதான் இருக்கிறார். பெர்மிட் புதுப்பித்தாயிற்று. மேல்தளம் போட்டதும் வந்துவிடுகிறேன் என்கிறார். நான் நம்பவும் இல்லை, நம்பாமலும் இல்லை. அடுத்த தடவை ஜோகூருக்குப் போக மாசம் ஆயிரம் எடுத்து வைக்கிறேன். நாள்காட்டியின் பின்பக்கத்தில் 119-ஐ அடித்துவிட்டு 123 என்று எழுதியிருக்கிறேன்.